சர்வருக்கு மட்டும் பிறந்த ஆவணி

ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று நம்புகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்று வீட்டில் யாரிடமாவது சொல்லக்கூடும். தாராளமாகச் சொல்லட்டும். எனக்கு அதில் கட்சி கிடையாது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற படப்பை ஊர்க்காரன். பஞ்சாங்கத்தை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் புரட்டியிருக்கிறேன். அந்த ஒரு முறையில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

எழுதச் சொன்னது எங்கள் பழைய ஆலையின் வாட்ஸ்அப் குழு. போன மாதம் லைனில் இருந்த பழைய டெர்மினல்களை எல்லாம் கழற்றிக் காயலான் கடை லாரியில் ஏற்றினார்களாம். அதைப் படம் எடுத்துப் போட்டு, "அருள்தாஸ் சார், உங்க பிள்ளைங்க போவுது பாருங்க" என்று எழுதியிருந்தார்கள். அதைத் தொடர்ந்து இரண்டாவது லைன் பத்து நாள் எழாமல் படுத்த கதை கிளம்பிவிட்டது. ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். ஒருவர் எலி கடித்தது என்றார். ஒருவர் சர்வருக்குள் அம்மன் இறங்கிவிட்டாள் என்றே எழுதினார். அம்மன் மேல் பழி போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. செய்தது நான்.

நான் படித்தது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ். முதல் பத்து வருடம் அம்பத்தூரில் பிரிண்டர் ரிப்பேர். பிறகு ஆறு மாதம் மாலை வகுப்பில் யூனிக்ஸ் கற்றுக்கொண்டேன். கறுப்புத் திரையில் நாம் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் சொல்லும், வேண்டாத பேச்சு கிடையாது. என் சுபாவத்துக்கு ஒத்துவந்தது. அப்படியே லினக்ஸுக்கு வந்து, ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஆலையில் சிஸ்டம்ஸ் பொறுப்பாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். பயிற்சிக் காலம் பற்றி இவ்வளவு போதும்.

பாகங்களைப் பூட்டுகிற எங்கள் புது லைன்களில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டெர்மினல் இருக்கும். எந்தத் திருகை எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று திரையில் காட்டுவது அதன் வேலை. அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. தூசி, அதிர்வு, எண்ணெய் மூன்றும் டிஸ்க்குக்கு ஆகாது என்பதால் வயிற்றில் ஒன்றும் இல்லாமலே வாங்கியிருந்தோம். காலையில் ஸ்விட்ச் போட்டதும் அது கேபிள் வழியாக, "நான் யார், எனக்கு ஒரு எண் கொடுங்கள்" என்று கத்தும். என் அறையில் இருக்கும் லினக்ஸ் சர்வர் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு டெர்மினல் தன் இயங்குதளம் முழுவதையும் சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்ததும், ஓடுகிற நேரம் முழுக்க வைத்துக்கொள்ள இன்னொரு எண் வாங்கிக்கொள்ளும். பழைய தற்காலிக எண் பத்து நிமிடத்தில் தானாகச் சர்வரிடம் திரும்பிவிடும். கேன்டீன் தட்டு மாதிரிதான். சாப்பிட்டவன் தட்டைத் திருப்பி வைத்தால்தான் அடுத்தவனுக்குச் சோறு.

தலைமை அலுவலகம் எனக்குக் கொடுத்தது நாற்பது எண்கள். முதல் லைனில் பதினாறு டெர்மினல், இரண்டாவது லைனில் பன்னிரண்டு. முதல் லைன் எழுந்து தட்டைத் திருப்பிய பிறகுதான் இரண்டாவது எழும் என்று திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்து, போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இந்த எண் விவகாரத்தில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் லைன் சூப்பர்வைசர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திறப்பு விழாவுக்கு முன் முதல் லைனைச் சோதனைக்கு ஓட்டியபோது ஒருநாள் பாதி டெர்மினல்கள் எழுந்ததும் எழாததுமாகத் தடுமாறின. தேடிப் பார்த்தால், இசக்கி தன் வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து லைன் கேபிளில் சொருகி, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ரவுட்டர் தன்னையும் ஒரு சர்வராக நினைத்துக்கொண்டு வருகிற டெர்மினலுக்கெல்லாம் எண் வழங்கிக்கொண்டிருந்தது. "கடைசி ரெண்டு ஓவர்தாம் சார், பாத்துட்டுப் புடுங்கிருதேன்" என்றார். அரை மணியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆலை முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறியது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

இனி எங்கள் ஆலைத் தலைவர் வரதராஜன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஏன் சார்'. குரலை உயர்த்த மாட்டார். திட்ட மாட்டார். சட்டைப் பையில் ஐந்து கட்டம் போட்ட ஒரு படிவம் எப்போதும் இருக்கும். எந்தக் கோளாறு நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு, ஐந்தாவது கட்டத்தில் வருவதுதான் மூலகாரணம் என்பது ஆலை விதி. எல்லா ஆலையிலும் இந்த வழக்கம் உண்டு. இவர் அதை உயிராகவே வைத்திருந்தார்.

ஒருநாள் கேன்டீன் சாம்பாரில் உப்பு கரித்தது. மாஸ்டரை நிற்க வைத்துக் கேட்டார். உப்பு ஏன் அதிகம்? இரண்டு முறை போட்டுவிட்டேன் சார். ஏன்? முதலில் போட்டது மறந்துவிட்டது. ஏன்? போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஏன்? மனைவி கோபித்துக்கொண்டு குன்றத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன்? வீட்டுச் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன் சார். வரதராஜன் சிரிக்கவே இல்லை. ஐந்தாவது கட்டத்தை நிரப்பி, தீர்வு என்ற இடத்தில் 'மாஸ்டர் ஒருநாள் விடுப்பில் குன்றத்தூர் சென்று வரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் போனார், மனைவியோடு திரும்பினார். அதன் பிறகு உப்பு சரியாகவே இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். முதல் லைன் திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் அந்த வாரம்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார். அது ஆடி இரண்டாவது வாரம்.

"அருள்தாஸ், முதல் பீஸ்ல ஒட்டுற லேபிள்ல தேதி எங்கேருந்து வருது?"

"சர்வர்லேருந்து சார்."

"சர்வருக்கு யார் சொல்றா?"

"நாமதான் சார். நாம என்ன சொல்றோமோ அதான் அதுக்குத் தேதி."

சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த லேபிளை ஃபிரேம் போட்டு மாட்டப் போறோம். அதுல ஆடி மாசத் தேதி இருந்தா, எனக்கு... வேணாம். ஒரு ரெண்டு மணி நேரம். ஆவணில ஒரு நல்ல முகூர்த்தமா பாத்து..." என்று சொல்லி, மேசையில் இருந்த பஞ்சாங்கத்தை என் பக்கம் தள்ளினார்.

'ஏன் சார்' என்று கேட்கத் தோன்றியது. கேட்காமலே பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஆவணி வளர்பிறையில் ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். விழா அன்று காலை ஒரே வரிக் கட்டளையில் சர்வரின் தேதியை ஐந்து வாரம் முன்னால் தள்ளினேன். வாடிக்கையாளர் ஸ்விட்ச் போட்டார். பதினாறு டெர்மினலும் மளமளவென்று எழுந்தன. முதல் பீஸ் வந்தது, ஆவணித் தேதியோடு லேபிள் வந்தது. யாரும் தேதியைப் பார்க்கவில்லை. வரதராஜன் மட்டும் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்வரை மறுபடி ஆடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். லேபிள் அவர் அறைக்குள் போயிற்று. விஷயம் எங்கள் இருவரோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இரண்டாவது லைன் தொடங்கியது. பன்னிரண்டு டெர்மினலில் நான்குதான் எழுந்தன. மற்றவை எண் கேட்டுக் கேட்டுக் களைத்து, 'கிடைக்கவில்லை' என்று திரையில் எழுதிவிட்டு நின்றன. மறுநாள் வேறு ஐந்து. அதற்கு மறுநாள் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஏழு வரை வந்தன. ஏழுக்கு மேல் ஒருநாளும் எழவில்லை. முதல் லைனோ கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் இசக்கியின் பையைச் சோதித்தேன். ரவுட்டர் இல்லை. ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. "மோந்து பாத்தாச்சுல்லா, மூடி வைங்க சார்" என்று கோபித்துக்கொண்டார்.

பிறகு யோசித்தேன். சர்வர் ஒன்றுதான். முதல் லைன் ஓடுகிறது. ஆகவே சர்வரில் குறை இல்லை. இரண்டாவது லைனில் புதிதாக இருப்பது கேபிள். கேபிள் இழுத்தது ரேவதி. அறிக்கையில் எழுதிவிட்டேன்: கேபிள் பதித்ததில் குறை, பொறுப்பு, கான்ட்ராக்ட் டெக்னீசியன் ரேவதி. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ரேவதிக்கு இருபத்தாறு வயது இருக்கும். குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். இரண்டு வருடமாக எங்கள் ஆலையில் கான்ட்ராக்டில் இருந்தாள். அந்த வருடம் கம்பெனி வேலைக்கு எடுக்கலாம் என்ற பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. என் அறிக்கை போன மறுநாளே பட்டியலிலிருந்து பெயர் போனது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டம் முடிந்ததும் கேட் பாஸை வாங்கிக்கொள்ளச் செக்யூரிட்டிக்கு உத்தரவும் போனது. வேலையில் குறை என்று ஒரு கேட்டில் பாஸ் பிடுங்கினால், ஶ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த கேட்டும் திறக்காது. இது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவள் அழவில்லை. இருபத்து நான்கு கேபிள் முனைகளையும் வெட்டி மறுபடி அடித்தாள். டெஸ்டர் வைத்துக் காட்டினாள், எல்லாம் பச்சை. லைன் நிலைமை மாறவில்லை. புதன்கிழமை மதியம் ஒரு தாளோடு என் அறைக்கு வந்தாள். தினமும் எந்தெந்த டெர்மினல் எழுந்தது என்று குறித்து வைத்திருந்தாள்.

"சார், கேபிள் தப்புன்னா டெய்லி ஒரே எடத்துலதானே படுக்கணும்? இது ஆள் மாத்தி ஆள் படுக்குது. எவன் ஃபர்ஸ்ட் ஸ்விட்ச் போடறானோ அவனுது எழுந்துக்குது. லேட்டா வந்தவனுக்கு இல்ல. இன்னா கணக்கு சார் இது?"

"லூஸ் காண்டாக்ட் அப்படித்தாம்மா இருக்கும். எனக்கு முப்பது வருஷ அனுபவம்."

"உங்க அனுபவத்தை நான் ஒண்ணும் சொல்லல சார். ஒரே ஒரு தபா லைனுக்கு வாங்க. அப்புறம் நீங்களே பாஸை வாங்கிக்கோங்க."

போனேன். சாப்பாட்டு நேரம், லைன் நின்றிருந்தது. முதல் லைனிலிருந்து ஓடுகிற டெர்மினல் ஒன்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டாவது லைனில் எழாத இடத்தில், தான் இழுத்த கேபிளில் சொருகினாள். உடனே எழுந்தது. எழாத டெர்மினலைத் தூக்கிக்கொண்டு போய் முதல் லைன் கேபிளில் சொருகினாள். எழவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேபிள் என்னுது. பொட்டி யாருதுன்னு நீங்க சொல்லுங்க சார்."

பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவை. ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் அதன் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு எண் கொடுப்பது சர்வர். அறைக்குத் திரும்பி, பத்து நாளாகத் திறந்து பார்க்காத பட்டியலைத் திறந்தேன். எந்த எண் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று சர்வர் எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது.

முதல் லைனின் பதினாறு தற்காலிக எண்களும் திரும்பி வந்திருக்கவில்லை. பத்து நிமிடத்தில் வர வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'திரும்ப வேண்டிய நேரம்' என்று ஒரு தேதி இருந்தது. ஆவணி வளர்பிறை முகூர்த்தம், நான் குறித்துக் கொடுத்த அதே நாள், எண் கொடுத்த நேரத்துக்குப் பத்து நிமிடம் தள்ளி.

சர்வர் மேல் தப்பே இல்லை. ஆவணியில் கொடுத்த தட்டு ஆவணியில்தான் திரும்பும். நான் அதைப் பின்னால் இழுத்து ஆடியில் உட்கார வைத்ததும், அது அந்தப் பதினாறு எண்களையும் முதல் லைன் பெட்டிகளின் பெயரிலேயே பூட்டி வைத்துக்கொண்டு, அவை ஓடுவதற்கான பதினாறும் போக மிச்சம் இருந்த எட்டை வைத்து இரண்டாவது லைனுக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. புது லைனை ஆடியில் தொடங்காதே என்று பிடிவாதம் பிடித்ததுபோல் ஆயிற்று. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. இன்னும் மூன்று வாரம் சும்மா இருந்திருந்தால் ஆவணி பிறந்து, முகூர்த்தம் வந்து, பதினாறு எண்ணும் தாமாகத் திரும்பியிருக்கும். லைன் எழுந்திருக்கும். ரேவதியை அனுப்பிய பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, ஆகவே கேபிள்தான் காரணம் என்று சாகும்வரை நான் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பதினாறு வரிகளை அழித்துவிட்டு, 'கேபிள் முனைகளை மாற்றியதால் சரியாயிற்று' என்று சொல்லிவிட்டால் போதுமே என்று நினைத்தேன். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை நினைத்தேன். வரதராஜன் பெயரும் வெளியே வராது, என் பெயரும் கெடாது. ஆனால் கையில் ரேவதி கொடுத்த தாள் இருந்தது. அதில் பத்து நாளும் ஒவ்வொரு டெர்மினலுக்கும் டிக், இன்ட்டு போட்டு, ஓரத்தில் மணி எழுதியிருந்தாள். காலை ஆறு ஐம்பது, ஆறு ஐம்பத்திரண்டு. ஷிப்டுக்கு முன்னாலேயே வந்து நின்று எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைவரை வரதராஜன் சென்னை அலுவலகத்தில் இருந்தார். தனியாகச் சொல்ல வழி கிடைக்கவில்லை. அவரிடம் சொல்லாமல் அந்தப் பதினாறு வரிகளைத் தொடவும் நான் துணியவில்லை. கூட்டம் தொடங்கியது. மேசையைச் சுற்றி எல்லாத் துறைப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள், இசக்கியும் இருந்தார். ரேவதி கதவோரம் நின்றாள், பாஸ் கழுத்தில் தொங்கியது. வரதராஜன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையில் ஐந்து கட்டம் போட்டார்.

"லைன் ரெண்டு ஏன் எழுந்திருக்கல?"

"டெர்மினலுக்கு எண் கிடைக்கல சார். கேபிள்ல குறை இல்ல, என் அறிக்கை தப்பு."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் எழுதினார். "ஏன் கிடைக்கல?"

"பதினாறு எண் பூட்டிக்கிடக்கு சார்."

"ஏன்?"

"அதெல்லாம் ஆவணிலதான் திரும்பணும்னு பதிவாயிருக்கு."

பேனா 'ஆவணி' வரைக்கும் வந்து கொஞ்சம் மெதுவாயிற்று. ஆனாலும் எழுதி முடித்தார். இத்தனை வருடப் பழக்கம் ஆயிற்றே. "ஏன் அப்படிப் பதிவாச்சு?"

"நான் சர்வர் கடிகாரத்தை மாத்தினேன் சார். திறப்பு விழா அன்னிக்கு."

"ஏன் மாத்தி..."

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாதிக் கேள்வியோடு பலகையைப் பார்த்தபடி நின்றார்.  நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை.  பிறகு ஐந்தாவது கட்டத்தில் தானே எழுதினார்: 'ஆடி என்று பயந்து நான் சொன்னதால்.' கீழே தன் முதலெழுத்துகளைப் போட்டார். திரும்பியபோது காது இரண்டும் சிவந்திருந்தன.

"அதுக்கென்ன சார்" என்றார் இசக்கி, அந்த நேரத்தில் யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று. "எங்கூருல ஆடியில பொண்ணு பாக்கக்கூடப் போவ மாட்டாவ. நீங்க லைனே தொறந்திருக்கிய." எல்லோரும் சிரித்தார்கள். வரதராஜனும் சிரித்துவிட்டார். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, ரேவதியின் பாஸ் உத்தரவை ரத்து செய்யச் சொன்னார். பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்கும்படி எழுதிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அங்கேயே லேப்டாப்பில் அந்தப் பதினாறு வரிகளையும் அழித்து எண்களை விடுவித்துவிட்டு, விஷயம் சுபமாக முடிந்துவிட்டது என்று தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

ரேவதிதான். வரதராஜன் தலையசைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கேபிளைத் தொட்டுக்கூடப் பாக்கல நீங்க. டெஸ்டர் வச்சிக்கூடப் பாக்கல. இசக்கி சார் பையைக் கூட தொறந்து பாத்தீங்க. என் பேரை மட்டும் எதையும் பாக்காம எழுதிட்டீங்க. ஏன் சார்?"

லூஸ் காண்டாக்ட், அனுபவம், முதல் லைன் ஓடியது என்று ஒவ்வொன்றாக வாய்வரை வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. உண்மையான பதில் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். அதை நான் சொல்ல வேண்டும் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீ கான்ட்ராக்ட்மா" என்றேன். "எழுதினா யாரும் வந்து ஏன்னு கேக்க மாட்டாங்க. அதான்."

அவள் தலையை ஆட்டினாள்.

"சரி சார். தெரிஞ்சிக்கலாம்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, டெர்மினல்களுக்கு ஸ்விட்ச் போட லைனுக்குப் போய்விட்டாள். நாங்கள் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.